ஐந்தரை முதல் ஆறரை வரை

மதுரை விமான நிலைய வாசலில் என் சைக்கிள் பெட்டியைச் சுற்றி நாலு ஆட்டோக்காரர்கள் கூடிவிட்டார்கள். “உள்ள என்னண்ணே, ஃப்ரிட்ஜா?” என்றார் ஒருவர். சைக்கிள் என்றேன். “சைக்கிளா? அப்ப அத ஓட்டிக்கிட்டே வந்திருக்கலாம்ல?” என்றார் இன்னொருவர். மலேசியாவிலிருந்தா, ஐயா? நடுவில் ஒரு கடல் கிடக்கிறது. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. பதினாலு வருடமாக எத்தனையோ ஊர்களில் இந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். தமிழில் கிண்டல் வாங்கியது இதுதான் முதல் தடவை.

பெட்டியைப் பின்சீட்டில் குறுக்காகத் திணித்துக் கயிறு போட்டுக் கட்டினார் முதலாமவர். எனக்கு இடமில்லை. அவருடைய சீட்டிலேயே ஓரமாக ஒட்டிக்கொண்டு, ஒரு கால் காற்றில் தொங்க ஊருக்குள் போனேன். அவனியாபுரத்தில் பொங்கல் ஜல்லிக்கட்டுக்காகத் தடுப்புக் கட்டக் கம்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். “மாடு பாக்க வந்தீகளா?” என்றார். சைக்கிள் ஓட்ட வந்தேன் என்றேன். “இம்புட்டு தூரம் வந்து சைக்கிளா?” என்று என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ரோட்டைப் பாருங்கள் அண்ணே என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

நான் சம்பளத்துக்கு சைக்கிள் ஓட்டுகிறவன். ரோட்டுப் பந்தயங்கள். ஜெயிக்கிற ஆள் நானில்லை. ஜெயிக்கிறவனுக்கு முன்னால் ஓட்டிக் காற்றைத் தடுப்பது, பின்னால் வரும் அணி காரிடம் போய்த் தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுப்பது, அணித் தலைவனின் டயர் போனால் என் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நிற்பது, இதெல்லாம்தான் என் உத்தியோகம். டிவியில் நானும் வந்திருக்கிறேன். வேறு யாருடைய முகத்தையோ காட்டும்போது என் முழங்கை தெரியும்.

மதுரைக்கு ஏன் என்று தைப்பிங்கில் இருக்கும் அக்கா கேட்டதற்கு, மழை என்றேன். ஜனவரியிலும் எங்கள் ஊரில் அடிக்கிற மழைக்குப் பயிற்சி செய்ய முடியாது, மதுரைப் பக்கம் காய்ந்து கிடக்கும், ரோடு தட்டையாக இருக்கும் என்று காரணங்களை அடுக்கினேன். உண்மை வேறு. போன வருடம் என்னோடு அறையில் தங்கியவன் கஜகஸ்தான்காரன், தங்கமான மனுஷன். பத்து மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்டது குட் மார்னிங், குட் நைட், பாத்ரூம் காலியா, அவ்வளவுதான். அதற்கு முந்தின வருடம் ஒரு ஸ்பெயின்காரன், அவன் குட் நைட்கூடச் சொல்லமாட்டான். காதில் தமிழ் விழுகிற ஊரில் இரண்டு வாரம் இருந்தால் போதும் என்று தோன்றியது. இதை அக்காவிடம் சொன்னால் அழுவாள், அதனால்தான் மழை என்றேன்.

லாட்ஜ், மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். மேனேஜர் சாகுல் பாய்க்கு ஐம்பது வயதிருக்கும், காதோரம் நரைத்திருந்தது. வெளிநாட்டு ஆள் தங்கினால் போலீசுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று என் பாஸ்போர்ட்டை வாங்கி, ஒரு நீளமான படிவத்தை எழுத்தெழுத்தாக நிரப்பினார். “இதுல ஒரு எழுத்து தப்பானாலும் ஸ்டேஷனுக்கு நான்தான் நடக்கணும் தம்பி” என்றார். பிறகு நான் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதைப் பார்த்துவிட்டு, “அதுக்கும் சேத்து ஏசி ரூமா?” என்றார். மூன்றாவது மாடி, பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டிகள்.

இந்த வேலையில் வெளியாருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. ஊக்கமருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று காட்டுவதற்காக, வருடத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் நான் எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில், எந்த அறையில் இருப்பேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். தீபாவளி, பொங்கல், காய்ச்சல் எதற்கும் விலக்கில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் சோதனைக்காரர்கள் போன்கூடச் செய்யாமல், சொல்லாமல் கொள்ளாமல் வந்து சிறுநீரும் ரத்தமும் எடுப்பார்கள். மாதக்கணக்கில் வராமலும் இருப்பார்கள். வந்த அன்று நான் அகப்படாவிட்டால் அது ஒரு தவறு. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தவறு சேர்ந்தால் இரண்டு வருடத் தடை. எனக்கு முப்பத்துமூன்று வயது. தடை முடிந்து வந்தால் என்னை எந்த அணி சீண்டும்?

என் பேரில் ஏற்கெனவே இரண்டு தவறு இருந்தது. முதலாவது, அக்கா வீட்டில். தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் அவர்கள் கதவைத் தட்டியது எங்களுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது, தாய்லாந்தில் ஹோட்டலை மாற்றிவிட்டு முகவரியை மாற்ற மறந்தேன். பிப்ரவரி கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டால் முதல் தவறு காலாவதியாகிவிடும். மார்ச்சில் ஒரு வருடத்துக்குப் புது ஒப்பந்தம் போடலாம் என்று அணியில் சொல்லியிருந்தார்கள். நான் மதுரையில் எழுதிக் கொடுத்த நேரம் காலை ஐந்தரை முதல் ஆறரை வரை.

இரண்டாம் நாள் ஐந்தேகாலுக்கே எழுந்து, அறைக் கதவை அகலத் திறந்து வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்ததும் பாத்ரூம் போகக்கூடாது. அவர்கள் வந்து கேட்கும்போது சிறுநீர் இல்லாமல் போய்விட்டால் மணிக்கணக்கில் தண்ணீர் குடித்துத் தவிக்க வேண்டும். அடக்கிக்கொண்டு, முழங்காலை ஆட்டிக்கொண்டு, யாருக்காகவோ காத்திருக்கிற அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, பந்தயத்தைவிட அதுதான் நீளம். உலகத்தில் நான் எங்கே தூங்குகிறேன் என்று தினமும் அக்கறைப்படுகிற ஒரே ஆட்கள் அவர்கள்தான் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஆறரைக்குப் பாத்ரூம், ஆறே முக்காலுக்கு ரோடு. நாகமலையைத் தாண்டி, செக்கானூரணி வழியாக மேற்கே ஓட்டினேன். இரண்டு பக்கமும் நெல், வாழை, நடுநடுவே காலி மனைகளுக்குக் கல் நட்டிருந்தார்கள். ஒரே பைக்கில் மூன்று பேர் என் பக்கத்தில் வந்து, “மாப்ள, அண்ணன விடாதடா!” என்று கத்திக்கொண்டு கொஞ்ச தூரம் போட்டி போட்டார்கள். தோற்றதும் கையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். பிறகு நான் மட்டும். எதிர்க்காற்று. எனக்கு முன்னால் ஓட்ட ஒருவரும் இல்லை, எனக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் ஒருவரும் இல்லை.

ரோட்டோர டீக்கடையில் நின்றேன். எங்கள் ஊரில் காலையில் பார்ப்பவர்கள் “பசியாறியாச்சா?” என்பார்கள். அதே ஞாபகத்தில் டீ மாஸ்டரிடம், “பசியாற என்ன இருக்கு?” என்றேன். அவர் என் இறுக்கமான கால்சட்டையை மேலும் கீழும் பார்த்தார். “வட இருக்கு, பணியாரம் இருக்கு. மொதல்ல ஒரு துண்டக் கட்டிக்கிட்டு உக்காருங்க, பொம்பளைக வர்ற எடம்” என்றார். கொடியில் காய்ந்த துண்டை அவரே எடுத்துக் கொடுத்தார். இடுப்பில் துண்டோடு எட்டுப் பணியாரம் தின்றேன்.

சாயங்காலம் லாட்ஜுக்குத் திரும்பினால் சாகுல் பாய் தவறாமல் கேட்பார். “இன்னைக்கு எம்புட்டு தூரம்?” நூற்று இருபது கிலோமீட்டர் என்பேன். “அம்புட்டும் மிதிச்சே போனீங்களா?” என்று தலையில் கை வைப்பார். மறுநாளும் அதே கேள்வி, அதே கை. நான் படியேறும்போது அந்தக் கேள்விக்காகவே மெதுவாக நடக்க ஆரம்பித்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

வழக்கமாக எந்த ஹோட்டலில் தங்கினாலும் முதல் நாளே வரவேற்பில் சொல்லிவிடுவேன், விடியற்காலையில் யாராவது என்னைக் கேட்டு வந்தால் உடனே அறைக்கு அனுப்புங்கள், அவர்கள் ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் என்று. அந்தச் சொல்லைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் கண்ணில் ஒரு சின்ன சந்தேகம் வந்து போகும். அந்நியர்கள்தானே, போகட்டும் என்று விட்டுவிடுவேன். சாகுல் பாயிடம் மட்டும் சொல்ல மனம் வரவில்லை. அவர் தலையில் வைக்கிற அந்தக் கை நின்றுபோகுமே என்றிருந்தது. நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளினேன். முட்டாள்தனம், வேறென்ன.

நாலாம் நாள் அழகர்கோவில் ரோட்டில் ஓட்டப் போய், கோவிலுக்குக் கொஞ்சம் முன்னால் அடுத்தடுத்து இரண்டு பஞ்சர். கையில் இருந்தது ஒரே ஒரு டியூப். பந்தயமென்றால் பின்னால் கார் வரும். இங்கே ஷேர் ஆட்டோதான் வந்தது. சைக்கிளைக் கூரையில் கட்டிவிட்டு, மாட்டுத்தாவணிக்குப் பூ வாங்கப் போகிற ஒரு அக்காவின் காலிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். அவர் என் காலில் இருந்த பழைய சிராய்ப்புத் தழும்புகளைப் பார்த்தார். “விழுந்து வாரி வச்சிருக்கீக. கூட யாரும் வரலயா?” யாரும் இல்லை என்றேன். “கலியாணம்?” இல்லை. “அப்ப யாருக்காகத்தான் இப்புடி ஓட்டுறீக?” ஆட்டோ முழுக்க என்னைப் பார்த்தது. வெட்கமாகிவிட்டது. அணிக்காக என்றேன். அவருக்குப் புரியவில்லை, சொன்ன எனக்கும் அன்றைக்கு அது அவ்வளவாகப் புரியவில்லை.

பொங்கலன்று பயிற்சி இல்லை. அவனியாபுரத்தில் மாடு, ரோட்டை அடைத்துவிட்டார்கள். கடைகளும் பாதிக்குமேல் மூடிக் கிடந்தன. தெருவில் வாசலுக்கு வாசல் கோலம், உள்ளே குக்கர் சத்தம், குடும்பம் குடும்பமாகப் புதுத்துணி. நான் அறையில் பிஸ்கட் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன். அழவேண்டும் போலிருந்தது, அழவும் செய்தேன். மத்தியானம் சாகுல் பாய் கீழே கூப்பிட்டார். லாட்ஜில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள், அவர் ஒருவர்தான். வீட்டிலிருந்து வந்த டிபன் கேரியரைத் திறந்து, மூடியில் எனக்கு நெய்ச்சோறும் தாளிச்சாவும் வைத்தார்.

சாப்பிடும்போது கேட்டார். “தம்பி, தப்பா நெனைக்காதீங்க. காலைல தண்ணி மோட்டார் போட மேல வர்றப்ப பாத்தேன். கதவத் தொறந்து போட்டுக்கிட்டு வாசலயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. யாரும் வரணுமா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் நெய்ச்சோறு, மனதில் கொஞ்சம் நிம்மதி. “வரணும்னு இல்ல பாய். வராம இருந்தா நல்லதுன்னுதான் உட்கார்ந்திருக்கேன். வந்துட்டா என் பொழப்பு அவங்க கையில” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. என் மூடியில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்து, “ஒண்ணும் ஆவாது. சாப்பிடுங்க” என்றார்.

எட்டாம் நாள். வழக்கம்போல் நாற்காலி, திறந்த கதவு, ஆடுகிற முழங்கால். ஆறரை. யாரும் வரவில்லை. பாத்ரூம் போய்விட்டு, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். சாகுல் பாய் மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“போயிட்டாங்க தம்பி. தைரியமாப் போயிட்டு வாங்க.”

“யாரு பாய்?”

“ஒரு ஆளு, ஒரு பொம்பள. நீலப் பை ஒண்ணு. பாஸ்போர்ட்டுல இருக்கிற உங்க முழுப்பேரச் சொல்லிக் கேட்டாங்க. என்ன விஷயம்னா சொல்ல மாட்டேங்குறாங்க. விடியக்காலைல பேரச் சொல்லி ஒருத்தனத் தேடி வர்றவன் நல்லதுக்கா வருவான்? அப்படி ஆளே இங்க இல்லன்னுட்டேன். லெட்ஜரக் காட்டுங்கன்னாங்க, மாட்டேன்னுட்டேன். மேல ஏறப் பாத்தாங்க. விடுவனா? எதுத்தாப்ல படியில ஒரு மணி நேரம் குந்திக் கெடந்துட்டு, இப்பத்தான் ஏர்போட்டுக்குக் கெளம்புனாங்க. வெள்ளக் காரு.”

சோதனைக்காரர்கள். அவர் பிடியிலிருந்து முழங்கையை உருவிக்கொண்டேன். சந்தில் இறங்கிச் சைக்கிளை மிதித்தேன்.

பதினாலு வருடத்தில் எனக்காக நான் ஓட்டிய ஒரே ஓட்டம் அதுதான். தெற்குவாசல் பாலத்தில் இரண்டு பஸ்களுக்கு நடுவில் புகுந்தேன், ஒரு கண்டக்டர் என் பரம்பரையையே திட்டினார். வில்லாபுரத்தில் மாடு ஒன்று ரோட்டின் குறுக்கே நிற்க, வண்டிகள் தேங்கியிருந்தன. அங்கே இருந்தது வெள்ளைக் கார். பின்கண்ணாடியில் நீலப் பை தெரிந்தது. ஜன்னலைத் தட்டினேன். மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு பெண் ஜன்னலை இறக்கினார். என்னைப் பார்த்ததும், என் சட்டையைப் பார்த்ததும், அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“சார்…” என்றார். “மணி ஆறு ஐம்பது.”

“மேடம், நான் மேலதான் இருந்தேன். கதவக்கூடத் திறந்துதான் வச்சிருந்தேன்.”

“நம்புறேன் சார். ஆனா நான் நம்புறத எழுத ஃபார்ம்ல எடம் இல்ல. மூணு தடவ உள்ள போய்க் கேட்டோம். மூணு தடவையும் இல்லன்னுதான் சொன்னார். நீங்க அவர்ட்ட முன்னாடியே சொல்லி வச்சிருக்கணும்ல?”

சொல்லி வைத்திருக்க வேண்டும். அவர் குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு நாள்ல மெயில் வரும். பதில் எழுத டைம் குடுப்பாங்க. அந்த மேனேஜர், ‘நான்தான் பொய் சொன்னேன், ஆளு மேல இருந்தார், ரெஜிஸ்டரையும் மறைச்சேன்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா ஒருவேளை கேப்பாங்க. உறுதியாச் சொல்ல முடியாது. அது இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது சார்.” மாடு நகர்ந்தது. சாரி என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல பெண்மணி. அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அன்றைக்கு உசிலம்பட்டி வரை போனேன். எதற்கென்று தெரியாது. கோபம் தலைக்கேறியிருந்தது. உம்மை யார் கேட்டது ஐயா, எனக்குக் காவல் இருக்கச் சொல்லி யார் கேட்டது என்று வழி நெடுக சாகுல் பாயோடு சத்தமாகச் சண்டை போட்டேன். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். திரும்பும்போது ஒரு கடையில் வெள்ளைத்தாளும் பேனாவும் வாங்கி, சட்டையின் பின்பையில் மடித்து வைத்துக்கொண்டேன். எழுதி வாங்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்திருந்தேன்.

சாயங்காலம் லாட்ஜில் நுழைந்தேன். அவர் “எம்புட்டு தூரம்?” என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“பயந்துட்டீங்க. எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமா இந்த மேஜைல உக்காந்திருக்கேன் தம்பி. சாவி குடுக்குறேன், சாவி வாங்குறேன். வந்த ஆளுக மொகம்கூட நெனப்பு இருக்காது. ஒரு தடவ, இதே மாதிரி விடியக்காலைல ரெண்டு பேரு வந்து ஒரு ஆளக் கேட்டாங்க. பன்னெண்டாம் நம்பர்னு சொல்லிட்டேன். கடன் வசூல் பண்றவங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. பொண்டாட்டி பிள்ளைக முன்னாடியே சட்டையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. போறப்ப அந்த ஆளு என்னையப் பாத்துக்கிட்டே போனான்.” லெட்ஜரை மூடி ஓரமாக வைத்தார். “இன்னைக்கு வீட்டுக்குப் போயி எம் பொண்டாட்டிட்ட சொன்னேன். ஒரு மனுசனுக்காவது உதவிட்டேன்டின்னு சொன்னேன்.”

பின்பையில் தாள் வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நான் அதை எடுக்கவில்லை. அந்தத் தாளில் அவர் கையெழுத்துப் போட்டால், போலீசுக்கு எழுதிக் கொடுத்த வெளிநாட்டு ஆளை இல்லையென்று சொன்னதாக அவரே ஒப்புக்கொண்டதாகும். லாட்ஜ் முதலாளி அவரை வைத்திருப்பாரா? ஆனால் நான் யோசித்தது அதை மட்டும் என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். அந்த மனுஷனின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என் கையால் துடைக்க எனக்குத் தெம்பில்லை. களைத்துப் போயிருந்தேன். “ரொம்ப நன்றி பாய்” என்றேன். அறைக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

பத்தாம் நாள் மெயில் வந்தது. மூன்றாவது தவறு, ஆட்சேபணை இருந்தால் எழுதவும் என்று இருந்தது. மத்தியான வெயிலில் புதுமண்டபத்து எதிரில் நின்று, ஆட்சேபணை இல்லை என்று ஒரே வரி எழுதி அனுப்பினேன். அணி மேலாளருக்கும் எழுதினேன். அவர் உயர்த்திய பெருவிரல் படம் ஒன்றை அனுப்பினார். பதினாலு வருடத்துக்குப் பெருவிரல். அக்காவுக்கு மட்டும் போன் செய்தேன். “வீட்டுக்கு வந்துருடா” என்றாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பதினோராம் நாள், ஊருக்குக் கிளம்புகிற அன்று, ஐந்தேகாலுக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுந்ததும் பாத்ரூம் போனேன், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று. என்ன செய்வதென்று தெரியவில்லை. கதவைத் திறந்து வைத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சாகுல் பாய். இரண்டு கிளாஸ் டீயோடு வந்து, ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“நிம்மதியாக் குடிங்க. கீழ வாட்ச்மேன நிப்பாட்டிட்டு வந்திருக்கேன். யாரு வந்து உங்களக் கேட்டாலும், அப்படி சைக்கிள்காரர் யாரும் இங்க இல்லன்னு சொல்லச் சொல்லியிருக்கேன்.”

“சரி பாய்” என்றேன். “அப்படியே சொல்லட்டும்.”